மார்த்தாள் புருஷனைப் பற்றி வந்த மெயில்

மார்த்தாள் என்று ஒருத்தி அந்தக் காலனியில் கிடையவே கிடையாது. ஆனாலும் பத்து வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அவளுக்காக நாற்பது குடும்பமும் முட்டிபோட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தது.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் இறங்கினால் அந்தக் காலனி வரும். நாற்பது வீடு, ஒரு ஜெபக்கூடம். பிழைப்பெல்லாம் அடுத்தவர் நிலத்தில்தான். நடவு, களை, அறுப்பு. அதுவும் இல்லாத நாளில் சித்தாள் வேலை. ஆராதனை முடிந்ததும் யோபு உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜெபக் குறிப்பு வாசிப்பார். முனிரத்தினத்தின் காலில் சர்க்கரைப் புண் ஆற வேண்டும். செல்லாயி மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைக்க வேண்டும். இப்படி ஆள் பெயர் சொல்லித்தான் வாசிப்பார். பெயர் இல்லாத ஜெபம் விலாசம் இல்லாத தபால் என்பது அவர் கட்சி.

ஆனால் புருஷன் குடித்துவிட்டு அடிப்பதை எந்தப் பெண் பெயரோடு சொல்லுவாள்? முன்னொரு நாள் அப்படி ஒருத்தி வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, உபதேசியார் தலையைச் சொறிந்துவிட்டு, காலனியில் யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்து ஒன்றை எழுதிக்கொண்டார். மார்த்தாள். அன்றிலிருந்து வெளியே சொல்ல முடியாத துக்கம் எல்லாம் மார்த்தாள் துக்கம் ஆயிற்று. ஆண்பிள்ளைகள்கூட மார்த்தாள் ஆனார்கள். இந்த வாரத்து மார்த்தாள் யார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அடுத்த வீட்டுக் குழம்பில் என்ன காய் போட்டார்கள் என்பதுவரை துருவிக் கேட்கிற சனம், இதை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக அவர்களை மெச்சத்தான் வேண்டும்.

2006ஆம் வருஷம் புரட்டாசியில் மார்த்தாளாக இருந்தவள் பிரிஸ்கில்லா.

பிரிஸ்கில்லாவுக்கு அப்போது முப்பது வயது. காலனியில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பெண். உத்திரமேரூர் பஜார் தெருவில் வீராசாமி வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் வேலை. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, வேலைக்கு அப்ளிகேஷன் போடுவது, வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு மெயில் அடித்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். வீராசாமி கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதோடு சரி. ஒரே பக்கத்தை மத்தியானம்வரை படிப்பார்.

ஜெபக் குறிப்பை இங்கிலீஷில் டைப் அடித்து வாராவாரம் மெயில் போடுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் இருந்துகொண்டு இந்தச் சபைமேல் அக்கறை காட்டிவந்த ஹெலன் அம்மா கேட்டுக்கொண்டதற்காக ஆரம்பித்தது அது. ஹெலன் அம்மா தன் சிநேகிதர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னும் சிலருக்கு அனுப்ப, இருநூறு பேர் இந்தக் காலனியின் கஷ்டத்தை உட்கார்ந்த இடத்தில் படித்தார்கள். மார்த்தாளை நினைத்து அங்கே பலபேர் அழுதார்களாம். அழாமல் என்ன செய்வார்கள்? போன வாரம் புருஷன் குடிகாரன், இந்த வாரம் சிறுநீரகத்தில் கல், அடுத்த வாரம் மகன் பத்தாவதில் ஃபெயில். ஒரு மனுஷிக்கு இத்தனை சோதனையா!

இரண்டு வருஷத்துக்கு முன் ஹெலன் அம்மாவே நேரில் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "அந்த மார்த்தாளை நான் பார்க்க வேண்டும்" என்றார். மொழிபெயர்க்கக் கூடவே நின்ற பிரிஸ்கில்லா, வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னாள். அம்மா, "அப்படியானால் சில வாரம் நானும் மார்த்தாள்தான்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நாளில் பிரிஸ்கில்லாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் புருஷன் டேனியல் கொத்தனார். மஸ்கட் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்டர் போனுக்குக் கூப்பிடுவான். பிறகு அந்தப் போன் நின்றுபோனது. நின்று பதினான்கு மாதம். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. டேனியல் அவளாகப் பார்த்துப் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டவன். "நீயா தேடிக்கினதுதானே" என்று ஒரு வாய் கேட்டுவிட்டால் அவளால் தாங்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை வீடு திரும்பும்போது யார் விசாரித்தாலும், "பேசினாரு, எல்லாரையும் கேட்டாரு" என்பாள். தன் சம்பளத்தில் புடவை வாங்கி, அவர் அனுப்பிய பணத்தில் வாங்கியது என்பாள். இவ்வளவு பொய்க்கும் நடுவில் குறிப்பில் மட்டும் உண்மையை எழுதினாள். மார்த்தாளின் கணவர் வளைகுடா போனார், பதினான்கு மாதமாகக் கடிதமும் இல்லை போனும் இல்லை, அவர் வீடு திரும்ப ஜெபிக்கவும்.

இன்னொன்றும் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் பழையசீவரத்துக்காரன் ஒருவன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து, டிக்கெட் பிரிண்ட் எடுக்க சென்டருக்குள் நுழைந்தவன், டேனியலை அங்கே மீன் மார்க்கெட்டில் பார்த்ததாகச் சொன்னான். ஆள் நன்றாகச் சதை போட்டிருக்கிறான், கூட ஒரு பெண் இருந்தாள், ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றான். அதைப் பிரிஸ்கில்லா மார்த்தாளுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அந்த மெயில் வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் ஹெலன் அம்மா பெயர். உபதேசியாருக்கு வணக்கம், முனிரத்தினத்தின் கால் எப்படி இருக்கிறது, செல்லாயி மகளுக்கு இடம் கிடைத்ததா, ஜெபக்கூடத்துக் கூரையை மாற்றினீர்களா என்று ஒவ்வொருவராக விசாரித்திருந்தது. பிறகு விஷயம். மார்த்தாளின் கணவரைக் கண்டுபிடித்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பித் தப்பிக் கிடக்கிறார், கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறான், வீட்டை நினைத்து அழுகிறார். அவரை மீட்டு அனுப்ப ஆகும் செலவில் பாதியை நான் கட்டிவிட்டேன். மீதிப் பாதியை டெல்லியில் இருக்கிற ஏஜென்ட் கணக்கில் புதன்கிழமைக்குள் நீங்கள் கட்ட வேண்டும். வெளியாருக்குச் சொல்ல வேண்டாம், கம்பெனிக்குத் தெரிந்தால் ஆளை மறைத்துவிடுவான்.

பிரிஸ்கில்லா ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு ஒரு பெண்ணுக்குச் சந்தோஷம் வருமா? வந்தது. மீன் மார்க்கெட்டில் சிரித்துக்கொண்டு நிற்கிற புருஷனைவிட, பாஸ்போர்ட் இல்லாமல் படுக்கையில் அழுகிற புருஷன் எவ்வளவோ மேல். போன் வராததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவளை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை.

மெயிலில் இன்னொரு வரியும் இருந்தது. நான் வந்தபோது மார்த்தாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன், தேம்பித் தேம்பி அழுதாள், அந்த முகத்தை மறக்க முடியவில்லை என்று. அந்த வரியைப் பிரிஸ்கில்லா படித்தாள். படித்துவிட்டு, படிக்காதவளைப் போல அடுத்த வரிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள். வெளியாருக்குச் சொல்லாதே என்று எழுதியிருக்கிறதே என்று தயங்கியபோது, "நாமெல்லாம் வெளியாளா?" என்றார் உபதேசியார். எல்லாவற்றையும் சொன்னாள். முன்வரிசை, கை, தேம்பல் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் விழுங்கிவிட்டாள். ஏன் விழுங்கினாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

காலனியில் இருந்த பணம் ஒன்றே ஒன்று. ஜெபக்கூடத்துக்குக் கூரை மாற்றுகிற பணம். போன மழையில் ஓடு பெயர்ந்து, வானம் தெரிகிற கூரை. அதற்காகப் பெண்கள் தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டு, வருஷம் முழுக்கச் சேர்த்து விற்ற காசு அது. முனிரத்தினத்தின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன் ஷீட் வாங்கிவிட வேண்டும் என்று பேச்சு.

முனிரத்தினம் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, "கூர எங்க ஓடிப்போவுது? ஆளு உசுரு முக்கியம்" என்றார்.

செல்லாயி எழுந்தாள். செல்லாயி டேனியலுக்குச் சித்தி. அவன் தாய் செத்ததும் இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள். "யாரு மார்த்தானு கேக்கல. அது எவளா இருந்தா இன்னா? நம்ம வூட்டுப் பொண்ணுதானே? குடுத்துடுங்க ஐயா" என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது பேச்சு. பேங்க் வேலை தெரிந்தவள் பிரிஸ்கில்லா. அவளே கட்டிவிட்டு வரட்டும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேங்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செலானில் டெல்லிக்காரன் பெயரை எழுதினாள். கணக்கு நம்பரை எழுதினாள். கீழே, எதற்காகக் கட்டுகிறோம் என்பதற்கு ஒரு கோடு இருந்தது. டேனியல் என்று எழுதப் போனவள் நின்றாள். மெயிலில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது? தாளை எடுத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். மார்த்தாளின் கணவர், மார்த்தாளின் கணவர் என்றுதான் இருந்தது. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்றும் இல்லை. கண்டுபிடித்தவர்களுக்குக் கண்டுபிடித்த ஆளின் பெயர் தெரியாதா?

அதற்குப் பிறகு அந்த முன்வரிசை வரியைத் தன்னிடமிருந்தே மறைக்க முடியவில்லை. உலகத்திலேயே மார்த்தாள் என்று ஒருத்தி இல்லை என்று தெரிந்த வெளியாள் ஒரே ஒருவர், அது ஹெலன் அம்மா. அவரா இல்லாதவள் தலையில் கை வைப்பார்? வியாழக்கிழமையே இது அவளுக்குத் தெரியும். தெரிந்த கண்ணைத்தான் ஆசை மூடி வைத்திருந்தது.

எழுந்து எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். மெயிலில் கீழே ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். அதைத் தொடவில்லை. ஹெலன் அம்மா ஊருக்குப் போகுமுன் தன் கையாலேயே அவள் டைரியில் எழுதிக்கொடுத்த நம்பரை அழுத்தினாள். அங்கே அப்போது விடியவே இல்லை. தூக்கக் கலக்கத்தில் எடுத்த அம்மா, தான் அப்படி ஒரு மெயில் எழுதவே இல்லை என்றார். ஜெபக் குறிப்பையும், தான் காலனிக்கு வந்துபோன விவரத்தையும் அவர்கள் சபை இன்டர்நெட் பக்கத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தனக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று நொந்துகொண்டார். பிரிஸ்கில்லா சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்தாள். மேலே தெரிந்த பெயர்தான் ஹெலன் அம்மா. அதன்மேல் அழுத்திப் பார்த்தால் உள்ளே இருந்த முகவரி யாரோ எவனுடையதோ.

பின்னாளில் அந்தச் சென்டரை அவளே எடுத்து நடத்தியபோது, அவசரம், ரகசியம், பணம் என்று மெயிலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் ஒன்றுதான் சொல்லுவாள். இதில் போட்டிருக்கிற நம்பர் வேண்டாம், உன்னிடம் பழசாக இருக்கிற நம்பரில் கூப்பிட்டுக் கேள். ஆனால் அன்று அவளுக்கு உபதேசம் சொல்ல யாரும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு காலனிக்குத் திரும்பினாள்.

பெண்கள் எல்லோரும் ஏரிக்குக் கீழே நடவில் இருந்தார்கள். முழங்கால் சேற்றில் குனிந்திருந்த செல்லாயி அவளைப் பார்த்ததும் நாற்றும் கையுமாக நிமிர்ந்தாள்.

"இன்னா பிரிஸ்கி, கட்டிட்டியா?"

"இல்ல அத்த. அது பொய் மெயிலு. ஹெலன் அம்மா எழுதல. எவனோ அவங்க பேர வெச்சி எழுதிகீறான். இப்பதான் அவங்ககிட்டயே பேசிட்டு வரேன்."

மற்ற பெண்களும் நிமிர்ந்தார்கள். ராணியம்மாள் என்பவள், "பொய்யின்னா முனிரத்தினம் காலு அவனுக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

"நம்ம ஜெபக் குறிப்புல கீது. அது இன்டர்நெட்ல கீது. படிச்சிட்டு எழுதிகீறான்."

செல்லாயிக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த நாற்றைச் சேற்றில் வீசினாள். "எவன் எழுதினா இன்னா? ஒருத்தன் சாவப் பொழைக்கக் கெடக்கறான்னு சேதி வந்துகீது. நேத்து அத்தினி பேரும் தலையாட்டிட்டு, இன்னிக்கு இல்லன்னா அந்தப் பொண்ணு இன்னா ஆவா? ஒனக்கு இன்னாம்மா! ஒம் புருசன் வெள்ளிக்கெழமயானா போன்ல பேசறான். வவுறு எரியறவளுக்குத்தான் தெரியும். அந்த மார்த்தாளுக்கு நீ இன்னா பதில் சொல்லப்போற?"

பிரிஸ்கில்லா வரப்பில் நின்றபடி பையை இறுக்கிக்கொண்டாள். "அது நான்தான் அத்த."

யாருக்கும் உடனே புரியவில்லை.

"மார்த்தா நான்தான். அவரு போன் பண்ணி பதினாலு மாசம் ஆவுது. வெள்ளிக்கெழம யாரும் பேசல. நானே சொல்லிக்கினு இருந்தேன்."

செல்லாயி சேற்றைவிட்டுக் கரையேறி வந்தாள். வந்தவள், "அப்ப இன்னும் இங்க இன்னாத்துக்கு நிக்கற? போயி கட்டுடி!" என்று கத்தினாள். "ஒருவேள நெசமா இருந்தா? நம்ம கொயந்தயாச்சே! கூர இல்லன்னா நனஞ்சிகினே ஜெபம் பண்ணலாம், ஒண்ணும் கரஞ்சிட மாட்டோம். ஏய் ராணி, நீ இன்னா சொல்ற?"

"கட்டச் சொல்லு" என்றாள் ராணியம்மாள். "ஆமா, கட்டட்டும்" என்றார்கள் சேற்றில் நின்ற அத்தனை பேரும்.

பேங்க் பெஞ்சில் வராத சோதனை அப்போதுதான் அவளுக்கு வந்தது. டெல்லிக்காரன் கேட்டதைக்கூட மறுத்துவிட்டாள். இவர்கள் கொடுக்கிறோம் என்பதை எப்படி மறுப்பது? ஒரு தலையாட்டல் போதும். டேனியல் இன்னும் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பான், அவளுக்காக அழுதுகொண்டிருப்பான். வெள்ளிக்கிழமைகள் எப்படியாவது ஓடிவிடும்.

"வேணாம் அத்த" என்றாள். "அவனுக்கு அவரு பேருகூடத் தெரியல. நான் டைப் அடிச்சி அனுப்பினதையே எனக்குத் திருப்பி அனுப்பிகீறான். அவரு ஆஸ்பத்திரில இல்ல. நல்லா கீறாரு. பழையசீவரத்து ஆளு ஒருத்தர் பாத்துட்டு வந்து சொன்னாரு. மீன் மார்க்கெட்ல நின்னுகினு இருந்தாராம். கூட ஒரு பொண்ணாம். நம்மள யாரையும் கேக்கலயாம்."

இவ்வளவையும் முதன்முறையாக அவள் வாயே சொல்லி, அவள் காதே கேட்டது.

செல்லாயி ஏரிக்கரை அதிரத் திட்ட ஆரம்பித்தாள். மெயில் போட்டவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடப் பேமானி! கட்டையில போறவனே! மீனு கேக்குதா ஒனக்கு மீனு? இந்த இடுப்புல தூக்கினு அலஞ்சேனேடா, ஒனக்குக் கஞ்சி ஊத்தின கையில புழுவா பூந்துகீது? பொட்டப் புள்ளய இப்படி தன்னந்தனியா பொய் சொல்லிகினு திரிய வெச்சிட்டியே, வாடா ஒருநாளு இந்தப் பக்கம், தொடப்பக்கட்ட பிஞ்சி பூடும்!" மஸ்கட் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. மேற்கே பார்த்துத்தான் திட்டினாள். ராணியம்மாளும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

மார்த்தாள் என்ற பேரில் அவளுக்காக எல்லோரும் ஜெபம் பண்ணியிருந்தார்கள். அவளுக்காக ஒருவர்கூடக் கோபப்பட்டதில்லை. பிரிஸ்கில்லா வரப்பில் உட்கார்ந்து மஞ்சள் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்தது. செல்லாயி மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ அழுடி, நான் இன்னும் முடிக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.